சோற்றுக் கோப்பையோடு பிள்ளைக்குப் பின்னால் ஓடாதீர்கள்

வாசகர் கேள்வி பதில்
இம்முறை: சாப்பாட்டுக்கு அடம்பிடிக்கும் பிள்ளைகள்
பதில் தருபவர்: கொழும்பில் நீண்ட காலம் குடும்பநல உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவர்

கேள்வி: அன்புள்ள மிஸ், எனக்கு ஒரே மகள், மூன்றரை வயது. வெள்ளவத்தையில் ஒரு ஃபிளட்டில் நான்காம் மாடியில் இருக்கிறோம். சோறும் பருப்பும், இடியப்பமும் சொதியும், மரி பிஸ்கட்டும் தவிர வேறொன்றும் வாய்க்குள் போகாது. மரக்கறியைக் கண்டால் ஓங்காளிக்கிறாள். மீன் மணத்தால் குசினிப் பக்கமே வரமாட்டாள். ஃபோனில் கார்ட்டூன் போட்டால்தான் வாய் திறக்கிறாள். ஒரு வேளை தீத்தி முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. நான் வங்கியில் வேலை செய்கிறேன், பகலில் மாமிதான் பார்க்கிறார். "பிள்ளை மெலிஞ்சு போச்சு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக் குறைப்படுகிறார். சாப்பிடாத குறைக்கு ஒரு நாளைக்கு நான்கு தரம் பால் கரைத்துக் கொடுக்கிறோம். கடைசியாக கிளினிக்கில் நிறை பார்த்தபோது 13 கிலோ 600 கிராம். என்ன செய்வதென்று தெரியவில்லை.
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: மகள், முதலில் அந்த 13 கிலோ 600 கிராமைப் பார்ப்போம். இந்த வயதில் பெண் பிள்ளைகளின் சராசரி நிறை 15 கிலோ அளவில் இருக்கும். நல்ல சுகத்தோடு வளரும் பிள்ளைகளிலும் பாதிப் பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். கிளினிக் கொப்பியில் நிறைக்கான வரைபடம் இருக்கிறதே, மாமியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு அதைத் திறந்து பாருங்கள். உங்கள் மகளின் புள்ளி பச்சைப் பகுதிக்குள் விழும். ஒரு நாள் பார்த்த நிறையை விட, கடந்த ஒரு வருடமாக அந்தக் கோடு எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். தன் பாதையிலேயே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு வந்தால், வளர்வதற்கு வேண்டிய அளவை அவள் எடுத்துக்கொள்கிறாள் என்று நம்பலாம். கோடு படுத்துவிட்டாலோ சரிந்தாலோ கதை வேறு, அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதலாவது பிறந்தநாளில் ஒன்பது கிலோ அளவுக்கு வந்துவிடும். பிறகு அந்த வேகம் இருக்காது. இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு இரண்டு கிலோ கூடினாலே போதும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது. "முந்தி எல்லாம் சாப்பிட்ட பிள்ளை, இப்ப தொடுறதே இல்லை" என்று தாய்மார் என்னிடம் சொன்னதெல்லாம் அநேகமாக இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான். தெரியாத உணவைச் சந்தேகிக்கிற குணமும் இதே வேளையில், இரண்டு வயதளவில் தொடங்கி, ஐந்து ஆறு வயது வரை நீடிக்கும். வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் பிள்ளை அம்மாவின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒளிகிறதல்லவா, புதுக் கறியைக் கண்டாலும் அப்படித்தான். அந்த ஆள் நாலைந்து தரம் வந்துபோனால் பிள்ளை தானாகவே கிட்டப் போகும்.

சரி, இனி நீங்கள் மாற்ற வேண்டியவை. முதலாவது பால். நான்கு தரம் என்றால், ஒரு தரத்துக்கு 200 மில்லிலீற்றர் என்று வைத்தாலும் 800 ஆகிறது. அதற்கு மேல் பிஸ்கட். அந்தச் சின்ன வயிற்றில் சோற்றுக்கு எங்கே இடம்? பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். பாலால் வயிறு நிறைகிற பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறையும், அது குறைந்தால் பசியும் குறையும், பசி குறைந்ததென்று நாங்கள் இன்னும் ஒரு போத்தல் பால் கரைப்போம். கிளினிக்கில் நான் கண்ட "சாப்பிடாத" பிள்ளைகளில் கனபேருடைய பிரச்சினை இந்தச் சுற்றுத்தான். பாலை இரண்டு சின்னக் கிளாஸாகக் குறையுங்கள், முழு நாளைக்கும் 400, 500 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். சூப்பிப் போத்தலில் கொடுக்காமல் கப்பில் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முந்திய இரண்டு மணித்தியாலத்துக்குள் பாலும் பிஸ்கட்டும் வேண்டவே வேண்டாம், தண்ணீர் மட்டும். மாமி தான் குடிக்கும் தேத்தண்ணியில் ஒரு வாய் கொடுக்கிறவராக இருந்தால் அதையும் நிறுத்துங்கள். உணவில் இருக்கும் கொஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பு எடுக்க விடாமல் தேயிலை தடுத்துவிடும்.

இரண்டாவது ஃபோன். கார்ட்டூன் ஓடும்போது வாய் திறக்கிறது, தொண்டை விழுங்குகிறது, ஆனால் என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்பது பிள்ளைக்குத் தெரியாது. அப்படிச் சாப்பிட்ட பூசணிக்காயோடு அவளுக்கு எந்தப் பழக்கமும் உண்டாகவில்லை. போயா விடுமுறையோடு சேர்ந்து வருகிற ஒரு வார இறுதியைப் பார்த்து நிறுத்துங்கள், நீங்களும் கணவரும் வீட்டில் இருக்கும் நாட்களாக இருக்கட்டும். முதல் சில நாட்கள் அழுவாள், வழக்கத்தை விடக் குறைவாகச் சாப்பிடுவாள். பயப்படாதீர்கள், மனம் இரங்கித் திரும்ப ஃபோனைக் கொடுக்கவும் வேண்டாம். பெரியவர்களுடைய ஃபோனும் மாமியின் சீரியலும் அந்த நேரத்தில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, தீத்துவது. நான் வீடு வீடாகப் போன காலத்தில் ஒவ்வொரு தாயிடமும் கெஞ்சிக் கேட்டது இதைத்தான். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் இருந்து சாப்பிடுவது, இவை பெரியவர்கள் தீர்மானிப்பவை. அதில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். மூன்றரை வயதுப் பிள்ளைக்குத் தன் கையால் சாப்பிட முடியும். சிந்தும்தான், கீழே பழைய பேப்பரை விரித்துவிடுங்கள். அரை மணித்தியாலம் போதும். அதற்குள் சாப்பிட்டது சாப்பிட்டதுதான், கோப்பையை முகம் சுளிக்காமல் எடுத்துவிடுங்கள். "அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய்" வேண்டாம். "கத்தரிக்காய் சாப்பிட்டால் ஐஸ்கிறீம்" வேண்டவே வேண்டாம். கத்தரிக்காய் ஒரு தண்டனை, ஐஸ்கிறீம்தான் பரிசு என்று நீங்களே அவளுக்குப் படிப்பித்துவிடுவீர்கள்.

இனி, புதுச் சாப்பாட்டை எப்படிப் பழக்குவது? அவளுக்குப் பருப்பு பிடிக்கும் என்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்குங்கள். பருப்பைப் போலவே மஞ்சள் நிறமாகவும் மெத்தென்றும் இருப்பது பூசணிக்காய். உறைப்பில்லாமல், மஞ்சளும் உப்பும் தேங்காய்ப்பாலும் விட்டு அவியுங்கள். பெருவிரல் நகத்தளவு ஒரு துண்டை எடுத்து, பருப்போடு முட்டாமல், கோப்பையின் கரையில் வையுங்கள். வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். "சாப்பிட்டுப் பாரேன்" என்றும் சொல்லாதீர்கள், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். அதே பூசணிக்காயை நீங்கள் உங்கள் கோப்பையில் போட்டுச் சாப்பிடுங்கள். முதல் நாள் தள்ளி வைப்பாள். இன்னொரு நாள் விரலால் அமத்துவாள், பிறகு மணந்து பார்ப்பாள், நக்குவாள், வாயில் போட்டுத் துப்புவாள். துப்பியதைக் கண்டு ஏசாதீர்கள், நாக்கு அந்த ருசியை அறிந்துவிட்டது, அது பெரிய முன்னேற்றம். லீன் பேர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத உணவுகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். எதைக் கூடுதலான தடவை ருசி பார்த்தார்களோ அதையே கூடுதலாக விரும்பினார்கள். எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவையும் வேண்டியிருக்கும். எங்கள் வீடுகளில் இரண்டு தரம் கொடுத்துப் பார்த்துவிட்டு "அவளுக்குப் பூசணிக்காய் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம், அதுவும் அவளுக்குக் கேட்கத்தக்கதாக.

ஒரு புதுக் கறிக்குப் பக்கத்தில் அவளுக்குப் பிடித்த ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். அப்போது பசியோடு எழும்ப மாட்டாள். ஆனால் தள்ளிவிட்டாள் என்பதற்காகக் குசினிக்கு ஓடிப்போய் வேறு ஏதாவது செய்து கொடுக்காதீர்கள். மரக்கறியை அரைத்துப் பருப்புக்குள் ஒளிப்பது பற்றியும் பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. கண்டுபிடித்தாள் என்றால் அன்றிலிருந்து பருப்பையும் சந்தேகப்படுவாள், கைவசம் இருந்த ஒன்றும் போய்விடும். கரட்டைத் துருவிப் பருப்புக்குள் போடுவதானால் அவள் கண் முன்னாலேயே போடுங்கள், அவளையே போடச் சொன்னால் இன்னும் நல்லது.

கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு எனக்கு நன்றாக ஞாபகம். நான்கு வயதுப் பையன், பச்சை நிறத்தில் எதைக் கண்டாலும் வாயைப் பொத்திக்கொள்வான். அவனுடைய அம்மம்மா பின்னேரங்களில் வாசற்படியில் சுளகை வைத்துக்கொண்டு முருங்கையிலை ஆய்வார். இவனும் பக்கத்தில் இருந்து ஈர்க்கைப் பிடித்து ஒரு இழுவை இழுப்பான், இலையெல்லாம் பொலபொலவென்று சுளகில் கொட்டும். அந்த விளையாட்டு அவனுக்கு நல்ல விருப்பம். கொஞ்ச நாளில் தானே சட்டிக்குள் இலையைப் போட வேண்டும் என்று அடம்பிடித்தான். இன்னும் கொஞ்ச நாளில், "இது நான் ஆய்ஞ்ச இலை" என்று தகப்பனுக்கு வறையை அள்ளிப் போட்டுவிட்டுத் தானும் ஒரு சொட்டு வாயில் வைத்தான். ஒருவரும் அவனைச் சாப்பிடச் சொல்லவில்லை. உங்களுக்கு வெள்ளவத்தைச் சந்தை கூப்பிடு தூரம்தானே, சனிக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு கீரைக் கட்டில் எது வேண்டும் என்று அவள் தெரியட்டும். பின்னேரத்தில் மரைன் டிரைவ் பக்கம் கடற்கரைக் காற்றில் ஓடவிடுங்கள். ஃபிளட்டுக்குள்ளேயே கிடக்கும் பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்?

மீனுக்கு அவசரமில்லை. குழம்பு மணம்தான் தொல்லை என்றால் கிழங்கு கூடுதலாகப் போட்டு மீன் கட்லட் செய்து பாருங்கள், உருண்டை பிடிக்க அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் முட்டை, பருப்பு, அவித்த பயறு, யோகட் போதும்.

மாமிக்கும் ஒரு சொல். அக்கா, நீங்கள் பிள்ளையில் வைத்திருக்கும் அன்பால்தான் கோப்பையோடு பின்னால் ஓடுகிறீர்கள், எனக்கு அது விளங்குகிறது. சோற்றையும் பருப்பையும் குழைத்து உங்கள் கையால் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி அவளுடைய கோப்பையில் வையுங்கள். அந்தக் கைருசி எந்தத் தாய்க்கும் வராது. வாய்க்குக் கொண்டுபோவது மட்டும் அவளுடைய கையாக இருக்கட்டும். "மெலிஞ்சு போச்சு" என்பதைப் பிள்ளையின் முன்னால் சொல்லாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. பசியே இல்லை. பசி எடுப்பதற்கு ஒரு சிரப் இருக்கிறதாம், பக்கத்து வீட்டில் கொடுத்து நல்ல பலனாம். பாமசியில் வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு தந்தை, மட்டக்குளி

பதில்: வேண்டாம் தம்பி. பசிக்கென்று கொடுக்கும் சிரப்களில் சில உண்மையில் ஒவ்வாமைக்கான மருந்துகள், பசியைக் கூட்டுவது அவற்றின் பக்கவிளைவு. பிள்ளை தூங்கி வழியும், மருந்தை நிறுத்தினால் பசியும் போய்விடும். டொக்டர் பார்த்து எழுதித் தராமல் தொடாதீர்கள். இரும்புச்சத்துச் சிரப்பும் அப்படித்தான், இரத்தம் சோதித்து டொக்டர் சொன்னால் மட்டும். வீட்டில் இருக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், சின்னப் பிள்ளைகள் அவற்றை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா என்று கிளினிக் கொப்பியில் பாருங்கள், ஒன்றரை வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் இருந்தாலும் பசி வராது. இரண்டு வயதுப் பிள்ளைகளில் நான் நிறையக் கண்டது அதுதான். தண்ணீரும் பப்பாப்பழமும் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மகளும் மருமகனும் டோஹாவில். பேரனை நான்தான் வளர்க்கிறேன். இரண்டு வயதும் எட்டு மாதமும். சோறு, மரக்கறி, மீன் எல்லாவற்றையும் பிளெண்டரில் அடித்துத் தீத்தினால் முழுக்க விழுங்குவான். ஒரு சின்னக் கட்டி வந்தாலும் சத்தி எடுக்கிறான். தொண்டையில் சிக்கிவிடுமோ என்று எனக்குப் பயம்.
— ஓர் அம்மம்மா, தெஹிவளை

பதில்: அக்கா, இந்த வயதில் தனியாக ஒரு பிள்ளையை வளர்க்கிறீர்கள், அதுவும் மீனும் மரக்கறியும் சேர்த்துக் கொடுத்து. அவனுடைய உடம்புக்கு வேண்டியது கிடைத்திருக்கிறது. ஆனால் அவனுடைய பல்லுக்கும் நாக்குக்கும் வேலை கிடைக்கவில்லை. ஆறு மாதத்தில் மசித்த சாப்பாடு, எட்டு ஒன்பது மாதத்தில் கையில் பிடித்துக் கடிக்கக்கூடியது, ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு என்பதுதான் ஒழுங்கு. அந்தப் படிகளை அவன் இப்போது ஏற வேண்டும், மெதுவாக.

பிளெண்டரை ஒரேயடியாக எடுத்து மறைக்க வேண்டாம். முதலில் குறைந்த நேரம் அடியுங்கள். பிறகு கரண்டியால் மசியுங்கள், பிறகு கையால் குழையுங்கள். ஒரு படிக்கு ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ எடுக்கட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்காமல் சோறு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம் என்று தனித்தனியே வையுங்கள். இதுவரை அவனுக்கு எல்லாமே ஒரே நிறம், ஒரே ருசி. கரட்டின் ருசி எது, மீனின் ருசி எது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே, விளையாட்டாக, கையில் பிடிக்க ஏதாவது கொடுங்கள்: நீளமாக வெட்டிய பப்பாப்பழம், நன்றாக அவித்த கரட், வாட்டிய பாண் துண்டு. கடித்தாலும் சரி, சூப்பினாலும் சரி.

ஓங்காளத்துக்கும் சிக்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் பயம் குறையும். ஓங்காளிக்கிற பிள்ளை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும், கட்டியைத் தானே முன்னுக்குத் தள்ளிவிடும். பக்கத்தில் அமைதியாக இருங்கள், அது போதும். உண்மையாகச் சிக்கினால் சத்தம் வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாரிக்கும். அப்படியானால் முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தரம் பலமாகத் தட்டுங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். கச்சானை முழுதாக ஐந்து வயது வரை கொடுக்காதீர்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ரம்புட்டானை விதை நீக்கிச் சின்னத் துண்டுகளாக்குங்கள். இருந்து சாப்பிடட்டும், ஓடிக்கொண்டு வேண்டாம்.

இரண்டு மாதமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால், அல்லது தண்ணீர் குடிக்கும்போதும் புரைக்கேறினால், டொக்டரிடம் சொல்லிப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி கேளுங்கள். பேச்சுக்கு மட்டுமல்ல, விழுங்குவதற்கும் மெல்லுவதற்கும் பயிற்சி கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: முன்பள்ளிக்குப் போகும் மகள் சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டு வருகிறாள். அங்கே மற்றப் பிள்ளைகளின் கடலையை வாங்கிச் சாப்பிடுகிறாளாம், ரீச்சர் சொல்கிறார். வீட்டில் கடலையைத் தொடவும் மாட்டாள்!
— ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: சந்தோஷப்படுங்கள். தன் வயதுப் பிள்ளை சாப்பிடுவதைப் பார்ப்பதைப் போல ஒரு தூண்டுதல் வேறில்லை. நாளைக்கு நீங்களும் அவித்த கடலை ஒரு பிடி கொடுத்துவிடுங்கள், கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டு. நன்றாகக் குழைய அவித்து, விரலால் அமத்தி நசித்துக் கொடுங்கள். பெட்டி திரும்பி வருவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். மூடியை அவளால் திறக்க முடிகிறதா? வீட்டில் ஒரு நாள் அந்தப் பெட்டியிலேயே கொடுத்துப் பாருங்கள். அளவு கூடிப் போயிருக்கலாம். முன்பள்ளியில் சாப்பிடும் நேரம் கொஞ்சம்தான், நிறைந்த பெட்டியைக் கண்டாலே சின்னப் பிள்ளைக்கு அலுத்துவிடும். ஒரு இடியப்பம், பாதி அவித்த முட்டை, ஒரு சின்னக் கோழிக்கூட்டு வாழைப்பழம், இவ்வளவும் தாராளம். திரும்பி வந்த பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு விசாரணை நடத்தாதீர்கள்.

கேள்வி: எப்போதுதான் டொக்டரிடம் கொண்டுபோவது?
— தெமட்டகொடையிலிருந்தும் கிராண்ட்பாஸிலிருந்தும் இரு வாசகியர்

பதில்: நிறைக் கோடு சில மாதங்களாகப் படுத்திருந்தால் அல்லது பச்சையிலிருந்து கீழே இறங்கினால். கண் இமையின் உட்புறமும் நாக்கும் வெளிறி, பிள்ளை சோர்ந்து கிடந்தால். மண், சுண்ணாம்பு, பச்சையரிசி தின்றால், இரும்புச்சத்துக் குறைவில் அப்படி நடக்கும். அடிக்கடி சத்தி, வயிற்றோட்டம், விழுங்கும்போது நோ இருந்தால். முன்பு சாப்பிட்ட உணவுகளையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போய், விரல் விட்டு எண்ணக்கூடிய சிலதில் வந்து நின்றால். அதோடு பேச்சும் பிந்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், சாப்பாட்டோடு சேர்த்துப் பிள்ளையின் விருத்தியையும் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ தாய் சேய் கிளினிக்குக்கோ போங்கள், காசு இல்லை. தேவைப்பட்டால் அங்கிருந்தே பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள். போவதற்கு முன் மூன்று நாட்களுக்குப் பிள்ளை சாப்பிட்டதையும் குடித்ததையும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பால், பிஸ்கட், தாத்தா கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்த டொஃபி உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள். டொக்டர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அந்தத் தாளே பதில் சொல்லிவிடும்.